அறுப்பின் பண்டிகையில் ஒரு செட்

எங்கள் ஊரில் ‘செட்’ என்ற வார்த்தை இல்லாமல் ஒரு நாளும் கழியாது. தென்னைக்குத் தண்ணீர் பாய்ச்ச பம்ப் செட், கல்யாணத்துக்கு மைக் செட், சாவுக்கு பேண்ட் செட். ஓணத்துக்கு மேற்கே கேரளத்தில் இருந்து வரும் சித்திகள் உடுத்துவது செட்டுமுண்டு. பெண்ணுக்கு மாப்பிள்ளை அமைந்தால் ‘செட்டாயிட்டு’. கூடச் சுற்றுகிறவன் ‘நம்ம செட்டு’. ஆங்கில வாத்தியாராக இருந்து ஓய்வுபெற்ற என் அப்பாவுக்கு இதெல்லாம் காதில் விழுந்தாலே எரியும். “அந்தச் சின்ன வார்த்தைக்கு அகராதியில எத்தனை பக்கம் அர்த்தம் கிடக்கு! அதுல ஒண்ணாவது நீங்க சொல்லுகது மாதிரி இருக்கா?” என்பார்.

அவரேதான் போன வருஷம் நாகர்கோவிலில் பல் கட்டிக்கொண்டு வந்து, கண்ணாடி முன்னால் நின்று, “செட்டு நல்லா செட்டாயிருக்கு” என்றார். நான் சிரித்ததற்கு இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

உண்மையில் அது செட்டாகவே இல்லை. ஈறு புண்ணானதால், பேச வேண்டிய நேரத்தில் மட்டும் மாட்டுவார். மற்ற நேரம் மூடி திருகும் ஒரு எவர்சில்வர் சம்படத்தில், தண்ணீருக்குள் கிடக்கும். கோட்டாற்றில் ஒரே மாதிரி இரண்டு சம்படம் வாங்கியிருந்தோம். இன்னொன்றில் எங்கள் வீட்டுத் தேன்பெட்டித் தேன்.

எங்கள் சபையில் அறுப்பின் பண்டிகை அன்று வீட்டில் விளைந்ததைக் கொண்டுபோய்க் கோயில் மேசையில் படைப்போம். வாழைக்குலை, மரச்சீனிக் கிழங்கு, சேவல் என்று எதுவும் வரும். ஆராதனை முடிந்ததும் அத்தனையும் ஏலம். எனக்கு நினைவு தெரிந்த நாளில் இருந்து ஏலம் விளிப்பவர் அப்பாதான். அவர் வைத்த சட்டம் ஒன்று உண்டு: மேசையில் ஏறிவிட்டால் அது கர்த்தருக்கு, வேண்டுமென்றால் ஏலத்தில் எடுத்துக்கொள். ஒரு வருஷம் மேசையில் மறந்து குடையை வைத்துவிட்ட அம்மாளை, அவருடைய குடைக்கு அவரையே ஏலம் கேட்க வைத்தவர்.

இந்த வருஷம் கமிட்டியில் ஒரு பேச்சு கிளம்பியிருந்தது. சாருக்கு வயசாகிவிட்டது, வாய் குழறுகிறது, வளைகுடாவில் இருந்து திரும்பி மைக் செட் கடை போட்டிருக்கும் தம்பி இனி விளிக்கட்டும் என்று. இந்த முறை சரியாக விளித்தால்தான் அப்பாவுக்கு அந்த இடம் நிலைக்கும். ஒரு வாரமாகக் குளியலறையில் இருந்து “ஒரு தரம், ரெண்டு தரம்” என்று சத்தம் வந்துகொண்டிருந்தது. கேட்க எனக்குப் பாவமாக இருந்தது.

பண்டிகை அன்று காலை அவசரத்தில் தேன் சம்படத்தைக் கொண்டுபோய் மேசையில் வைத்தவள் நான். ஆராதனை முடிந்து, பல்லை மாட்ட அப்பா பின்னறைக்குப் போனார். போன வேகத்தில் கையாட்டி என்னைக் கூப்பிட்டார். அவர் பையில் இருந்த சம்படத்தைத் திறந்து காட்டினார். உள்ளே தேன்.

“அய்யோ அப்பா! யாரும் பாக்கதுக்குள்ள மாத்தி எடுத்துட்டு வந்துடுகேன்.”

“வேண்டாம் ஏட்டி. மேசையில ஏறியாச்சு. ஏலத்துல எடு.” பொக்கை வாயில் அது முக்கால்வாசி காற்றாகத்தான் வந்தது. எனக்கு வந்த கோபத்தில் அந்தத் தேனை அவர் தலையில் கவிழ்த்திருப்பேன்.

அப்பா மைக்கைப் பிடித்தார். வாழைக்குலையை அவர் விளித்தது யாருக்கும் புரியவில்லை. முன்வரிசைப் பெண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். “சாருக்கு அந்நிய பாஷை வந்துட்டுதா?” என்றார் ஒருவர். “ஆவி வந்து பேசுக பெந்தெகொஸ்து பக்கம் சாய்ஞ்சுட்டாரோ?” என்றார் இன்னொருவர். கமிட்டிச் செயலாளர் மைக் செட் தம்பியைப் பார்த்துத் தலையசைத்தார்.

அப்பா சம்படத்தைத் தூக்கினார். உள்ளே களக்கென்று சத்தம். “தேன்கூட்டுத் துண்டும் கிடக்கு போல” என்று யாரோ சொல்ல, விலை சட்டென்று ஏறியது. நான் கேட்டேன். தாயாரின் இருமலுக்கு வேண்டுமென்று மைக் செட் தம்பியும் கேட்டான். நான் கூட்டினேன், அவனும் கூட்டினான். கொஞ்சம் அடக்கி வாசிக்கக் கூடாதா இந்த மனிதர்? அதுதான் இல்லை. தன் பல்லுக்குத் தானே கையை வீசி, அவனை உசுப்பேற்றி விலையைக் கூட்டிக்கொண்டிருந்தார். என் கையில் இருந்தது தீர்ந்தது. சம்படம் அவனுக்குப் போனது.

தேன் எடுத்தவர் எல்லோர் முன்னாலும் திறந்து, விரலால் தொட்டு நாக்கில் வைத்து, “நல்ல தேன்” என்று சொல்லுவது எங்கள் வழக்கம். அவன் திறந்தான். உள்ளே பார்த்தான். அப்பாவைப் பார்த்தான். கோயிலே அவன் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தது.

அவன் விரலை உள்ளே விட்டு, நாக்கில் வைத்தான்.

“நல்ல தேன்” என்றான் மைக்கில். மூடியைத் திருகி அப்பாவிடம் நீட்டினான். “சாருக்குத் தொண்டை கட்டியிருக்கு. ஒரு வாய் போட்டுட்டு வந்து விளிங்க.”

அப்பா பின்னறைக்குப் போய்த் திரும்பி வந்து சேவலை விளித்தார். மயிலாடி ரோடு வரைக்கும் கேட்டிருக்கும்.

வீட்டுக்கு வந்ததும், “அவன் ஏலத்துல எடுத்தது தேன். அவனுக்குத் தேன் போகணும்” என்று தேன் சம்படத்தோடு என்னை அவன் கடைக்கு அனுப்பினார். வழியில் மூன்று தடவை திறந்து பார்த்துக்கொண்டேன். அவன் சம்படத்தை வாங்கிக் காதருகே வைத்து ஆட்டினான்.

“இதுல யாருக்க பல்லு அக்கா?”

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. “உனக்கு விளிக்க ஆசை இல்லியா?” என்று கேட்டேன்.

“இருந்துது. ஆனா மேசையில ஏறினது கர்த்தருக்குன்னு, தன் பல்லுக்கே விலை ஏத்துன ஆளுட்ட இருந்து மைக்கைப் பிடுங்க முடியுமா? செயலாளர்ட்ட சொல்லிட்டேன், சார் இருக்க வரைக்கும் சாருதான்.”

அப்பாவிடம் வந்து அதை அப்படியே சொன்னேன். அவர் பல்லைக் கழற்றித் தண்ணீரில் போட்டார். பிறகு பொக்கை வாயோடு, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்:

“அவன் நம்ம செட்டு, ஏட்டி.”