எழும்பூர் அருங்காட்சியகத்தில் சின்னம்மாவைத் தேடிய கதை

கடந்த ஜனவரியில் இலங்கையின் பதுளைப் பக்கத்துத் தெமோதரையிலிருந்து ஒன்பது பேராகத் தமிழ்நாட்டுக் கோயில்களுக்குப் போய்வந்தோம். கடைசி நாள் சென்னை. இரவு கொழும்புக்கு விமானம். அதுவரை துணிக்கடைகளில் அலைய வேண்டாமென்று எல்லோரையும் எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு இழுத்துப் போனவள் நான்தான்.

சீட்டு கொடுத்தவர் எங்கள் பேச்சைக் கேட்டு, "திருச்சி பக்கமா மேடம்?" என்றார். பதுளை என்றதும் வெளிநாட்டவர் கட்டணம் கேட்டார். தாத்தாவின் தாத்தா துறையூர்க்காரர் என்பதற்கெல்லாம் தள்ளுபடி கிடையாது. பெரிய பைகளை வாசல் கவுண்டரில் ஒப்படைத்துவிட்டு உள்ளே போனோம்.

செப்புச் சிலைகள் இருக்கும் கட்டடத்தில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் கூட்டமாக நுழைந்தார்கள். அவர்கள் நகர்ந்த பிறகு பார்த்தால் புஷ்பம் சின்னம்மாவைக் காணவில்லை. அம்மாவின் தங்கை, எங்கள் தேயிலைத் தோட்டத்தில் முப்பது வருடம் கொழுந்து பறித்தவர். அவரிடம் இந்திய சிம் இல்லை. பாஸ்போர்ட் அவருடைய கைப்பையில் இருந்தது. விமானம் போனால் போகட்டும், இந்தப் பெரிய பட்டணத்தில் அவரைத் தொலைத்துவிட்டு அம்மா முகத்தில் எப்படி விழிப்பது என்பதுதான் என் கவலை. மாடி, கழிவறை, மரத்தடி என்று ஒரு மணி நேரம் தேடினோம். கடைசியில் காவலாளி ஒருவர், "வாசல்ல பாத்தீங்களாம்மா?" என்றார்.

பைக் கவுண்டருக்கு எதிரே சின்னம்மா நின்றிருந்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

"எங்க போனீங்க சின்னம்மா?"

"நான் எங்க போனேன்? நீங்கதான் காணாமப் போனீங்க. மலையில பனி மூடுனா ஆளத் தேடிக்கிட்டா திரிவோம்? கொழுந்து நிறுக்கிற எடத்துல போய் நிப்போம். நிறுக்காம எவளும் லயத்து வீட்டுக்குப் போக மாட்டால்ல. அதுமாதிரி பைய எடுக்காம நீங்களும் போக மாட்டீங்கன்னு இங்கயே நின்னேன்."

எங்களில் ஆறு பேர் தோட்டத்தில் வேலை செய்தவர்கள். ஒருவருக்கும் இது தோன்றவில்லை.

போகிறவர்களுக்கு: வெள்ளிக்கிழமை விடுமுறை. பாஸ்போர்ட்டை அவரவரே வைத்திருங்கள். பிரிந்துவிட்டால் எங்கே நிற்பது என்று உள்ளே நுழையும் முன்பே பேசிக்கொள்ளுங்கள்.

விமானத்தில் உட்கார்ந்த பிறகுதான் எனக்கு நிம்மதியாக மூச்சு வந்தது. "பயமா இல்லையா சின்னம்மா?" என்று கேட்டேன்.

"பயமில்லாம? மத்தவங்க பையெல்லாம் ஒவ்வொண்ணாப் போயிக்கிட்டே இருந்துச்சு. நம்ம பை மட்டும் அங்கயே கெடந்துச்சு. அதப் பாத்துப் பாத்துத்தான் நின்னேன்."