தகரத்தில் மூன்று தட்டு

எங்கள் மூவருக்கும் பதினாறு வயது. மீசை அரும்புவதற்குள் ஊரிகம் தங்கச் சுரங்கத்தில் ஷிப்டுக்கு இறங்கிவிட்டோம். ஒரு நாள் பாறை சரிந்து மூவரில் ஒருவன் உள்ளே அடைபட்டான். மறுநாள்தான் வழி வெட்டி எடுத்தார்கள். உடம்பில் கீறல்கூட இல்லை. "புள்ள பொழச்சிக்கினான்" என்று தொழிலாளர் லைன் வீடுகள் முழுக்க ஒரே நிம்மதி.

ஆனால் அவன் பேசவில்லை. கொஞ்சம் கஞ்சி குடிப்பான், அவ்வளவுதான். வீட்டுத் தகரச் சுவரோரம் உட்கார்ந்து விரல் முட்டியால் மூன்று முறை தட்டுவான், காதை வைத்துக் கேட்பான், மறுபடி தட்டுவான். அவன் அம்மா மந்திரித்த கயிறு கட்டினாள். மேதாவிகளான நாங்கள் இருவரும், அந்தச் சத்தம்தான் அவனை வதைக்கிறது என்று முடிவுகட்டி, சுவரில் கோணிச் சாக்கை மடித்துக் கட்டினோம். சத்தம் நின்றது. எங்களுக்குப் பெருமை வேறு. அன்றோடு அவன் கஞ்சியையும் விட்டான்.

பாறையை இரண்டு பக்கமிருந்தும் குடைந்து வரும்போது ஒரு பக்கத்தார் மூன்று தட்டினால் மறுபக்கத்தார் மூன்று தட்ட வேண்டும். இங்கே ஆள் இருக்கிறது என்று அதற்கு அர்த்தம். மறுநாள் வேலையில் அப்படிப் பதில் தட்டியபோதுதான் எனக்கு உறைத்தது. அவன் பதிலுக்குக் காத்திருக்கிறான்!

இன்னொன்றும் நினைவுக்கு வந்தது. அன்று, சரிவு நடந்தது தெரியாமல் மேலே ஏறும் கேஜுக்கு நடந்தபோது, மெல்லிய தட்டுச் சத்தம் என் காதில் விழுந்தது. யாரோ உளியடிக்கிறார்கள் என்று வந்துவிட்டேன்.

ஷிப்டு முடிந்ததும் குளிக்காமலே ஓடினோம். கூட்டாளி உள்ளே போய்ச் சாக்கைப் பிய்த்தெறிந்தான். நான் வெளியே சுவரோரம் நின்றேன். வெகுநேரம் கழித்து உள்ளிருந்து மூன்று தட்டு வந்தது. பதிலுக்கு மூன்று தட்டினேன். உடனே மறுபடி மூன்று. என் முட்டி தோலுரியும்வரை தட்டினோம். பிறகு அவன் வெளியே வந்தான்.

"அன்னிக்கி ஏண்டா தட்டல?"

கேட்கவில்லை என்று சொல்ல நாக்கு வரைக்கும் வந்தது. "கேட்டுச்சிடா. உளியடிக்கிறாங்கன்னு நெனச்சிட்டேன்" என்று அழுதேன். அறைவான் என்றுதான் எதிர்பார்த்தேன்.

"கேட்டுச்சா?" என் கையைப் பிடித்துக்கொண்டான். "நெசமா கேட்டுச்சா? நான் அப்பவே செத்துட்டேன்னு நெனச்சிக்கினு இருந்தேன்டா."

பிறகு உள்ளே திரும்பி, "யம்மா, களி இருக்குதா?" என்றான்.