நினைவுத் தூணில் என் பெயர்

துடியலூரில் மோட்டார் பட்டறை, காரமடையில் கல்யாண மண்டபம், கோயிலுக்குச் சுற்றுச்சுவர். ஐந்தாம் வகுப்பைத் தாண்டாத நான் கட்டியவை இவை. கடைசியாக, போரில் உயிர்விட்ட எங்கள் பகுதி வீரர்களுக்கு நினைவுத் தூணும் கட்டினேன். வழக்கம்போல ‘உபயம்’ என்று என் பெயரைப் பெரிதாக வெட்டச் சொன்னேன், வீரர்களின் பெயர்களுக்கு மேலே.

திறந்துவைக்க முன்னாள் ராணுவக்காரர் ஒருவர் வந்தார். நரைத்த முறுக்கு மீசை, மடிப்புக் கலையாத சட்டை. எந்த நினைவுச் சின்னத்துக்குப் போனாலும் ஒவ்வொரு பெயரையும் வாய்விட்டுப் படித்து சல்யூட் வைப்பாராம். முதலில் என் பெயரைப் படித்தார். விறைப்பாக ஒரு சல்யூட். என் நெஞ்சு நிமிர்ந்தது.

“இவரு எந்தச் சண்டையிலீங்க போய்ச் சேர்ந்தாரு?” என்று என்னிடமே கேட்டார்.

“ஏனுங்க, அது நான்தானுங்க!”

“அட, உசுரக் குடுத்தவங்களுக்கு மேல இருந்துச்சுங்களா, பெரிய வீரருன்னு நெனச்சுப்போட்டேன். நீங்க நூறு வருசம் இருக்கோணுமுங்க.”

கூட்டமே சிரித்தது, என் சம்சாரம் இன்னும் நிறுத்தவில்லை. மறுநாளே ஆளை வரவழைத்து என் பெயரைக் கொத்தி எடுத்துவிட்டேன். அவர் தெரியாமல் கேட்டாரா, தெரிந்தே கேட்டாரா என்பது இன்றுவரை விளங்கவில்லை.

தூணின் உச்சியில் இப்போது ஒரு பள்ளம் இருக்கிறது. அந்தப் பள்ளம் என் உபயம் என்று நாலு பேரிடம் சொல்லிவையுங்கள்.