மேஜையில் ஒரு நாற்காலி

எந்தப் படை என்று கேட்காதீர்கள், சொல்ல மாட்டேன். எந்த மொழி என்றும் சொல்ல மாட்டேன். வெளியே வரும்போது அதற்கெல்லாம் கையெழுத்து வாங்கிக்கொண்டுதான் அனுப்பினார்கள். கிழக்கே கடல் தாண்டி இருக்கும் ஒரு நாட்டின் மொழி, அதோடு விடுங்கள். மற்றதையெல்லாம் சொல்வேன். சொல்லக்கூடாது என்று எந்தக் காகிதத்திலும் இல்லை. இருந்திருந்தாலும் சொல்லியிருப்பேன்.

அந்த மொழியை அரசாங்கச் செலவில் ஒரு வருடம் முழுக்க உட்கார்ந்து படித்தேன். வேறு வேலையே கிடையாது. ஒரே அசையை ஏற்றிச் சொன்னால் ஒரு பொருள், இறக்கிச் சொன்னால் வேறு பொருள். விடுப்பில் மயிலாப்பூருக்கு வந்து மாடியில் நின்று பாடத்தைச் சொல்லிப் பார்ப்பேன். கீழே பாட்டு வகுப்பு எடுத்துக்கொண்டிருக்கும் அம்மா அங்கிருந்தே கத்துவாள்.

"ஏண்டி, அது என்ன பாஷையோ எனக்குத் தெரியாது. ஆனா அந்தக் கடைசி வார்த்தை ஸ்ருதி சேரலை. இன்னொரு தரம் சொல்லு."

அவள் சொன்னது பெரும்பாலும் சரியாகவே இருக்கும். எனக்கு எரிச்சலாக வரும்.

தேர்வில் முதலாவதாக வந்தேன். அதற்குப் பரிசாக என்ன கிடைத்தது தெரியுமா? சீருடைக் கிடங்கு. பூட்ஸ், பெல்ட், போர்வை. எங்கள் எல்லோருக்கும் இதே கதைதான். சீன மொழி படித்தவர் கேன்டீனில் எண்ணெய் பாக்கெட்டுகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். அரபி படித்தவர் எங்கோ வடக்கே ஆளெடுப்பு முகாமில் பையன்களின் மார்பளவு எடுத்துக்கொண்டிருந்தார். இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை எல்லோரையும் இடம் மாற்றியே ஆக வேண்டும் என்பது விதி. மொழிக்கு அந்த விதி தெரியுமா? பேசாவிட்டால் அது பாட்டுக்குப் போய்விடும். ஆளை உருவாக்கத் தெரிந்தவர்களுக்கு ஆளை வைத்துக்கொள்ளத் தெரியவில்லை. நான் போர்வைக் கட்டுகளுக்கு நடுவே உட்கார்ந்து, அந்த நாட்டு வானொலியைச் செல்போனில் போட்டு, செய்தி வாசிப்பவளோடு சேர்ந்து முணுமுணுத்து என் மொழியைக் காப்பாற்றினேன். கிடங்கில் இருந்தவர்கள் எனக்கு ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்தார்கள். நினைத்துவிட்டுப் போகட்டும்.

சென்னைக்கு மாற்றல் வந்தபோது என் பத்து வருடச் சேவை முடியும் தறுவாயில் இருந்தது. மேலும் நாலு வருடம் நீட்டிப்புக் கிடைக்குமா என்பது என் மேலதிகாரி எழுதும் அறிக்கையைப் பொறுத்தது. அவர் கே.கே. நகர்க்காரர், கெட்டவர் இல்லை. யாருக்கும் எந்தச் சங்கடமும் வந்துவிடக் கூடாது என்பதுதான் அவருடைய ஒரே கொள்கை. எனக்கு அந்த நாலு வருடம் வேண்டும். சம்பளத்துக்காக மட்டும் இல்லை. எந்த வேலைக்காக அந்த மொழியை எனக்குச் சொல்லிக்கொடுத்தார்களோ, அந்த வேலையில் ஒரு தடவையாவது அதைப் பேசிவிட்டுத்தான் வெளியே போவது என்று ஒரு வீம்பு.

அப்போதுதான் அந்த நாட்டுப் படைத்தலைவர் தன் அதிகாரிகளோடு சென்னைக்கு வருகிறார் என்று தகவல் வந்தது. மேலதிகாரி என்னைக் கூப்பிட்டனுப்பினார். சீருடையை இரண்டு தடவை இஸ்திரி போட்டுக்கொண்டு போனேன்.

"அவங்க கூட லேடீஸும் வர்றாங்கம்மா," என்றார். "நீதான் பார்த்துக்கணும். டி.நகர்ல பட்டுப்புடவை, நகை, அப்புறம் கோயில். உனக்குத்தான் பாஷை தெரியுமே."

"பேச்சுவார்த்தைக்கு யார் சார்?"

"அவங்களே மொழிபெயர்ப்பாளரைக் கூட்டிக்கிட்டு வர்றாங்க. எதுக்கு ரெண்டு பேரு?"

"அவங்க ஆளு அவங்களுக்காகத்தானே சார் பேசுவாரு? நம்ம பக்கத்துல ஒரு காது வேண்டாமா?"

"மேஜையில இடம் இல்லம்மா. எல்லா நாற்காலிக்கும் பேர் போட்டாச்சு." பிறகு சிரித்துக்கொண்டே சொன்னார். "ரிப்போர்ட் எழுதுற நேரம். ஞாபகம் இருக்கட்டும்."

வீட்டுக்கு வந்து கோபத்தில் குதித்தேன். அம்மா நிதானமாகக் காபி ஆற்றிக்கொண்டே கேட்டாள். "நாலு வருஷம் வேணுமா, வேண்டாமா? வேணும்னா வாயை மூடிண்டு புடவை வாங்கிக் குடுத்துட்டு வா."

வாயை மூடிக்கொண்டுதான் போனேன். பட்டினப்பாக்கத்துக்கார டிரைவர் வேனைக் கடை வாசலில் நிறுத்தினார். உள்ளே கடைக்காரர் புடவைகளை ஒவ்வொன்றாக விசிறிப் போட்டார். படைத்தலைவரின் மனைவி ஒன்றைத் தொட்டதும் அதை அவர் தோளில் போட்டுக் கண்ணாடி முன்னால் திருப்பி நிறுத்தினார். கால்குலேட்டரில் விலையைத் தட்டிக் காட்டினார். அந்த அம்மாள் அதை வாங்கிப் பாதி விலையைத் தட்டினார். கடைக்காரர் தலையில் கை வைத்துக்கொண்டார். இருவரும் சிரித்தார்கள். நான் அந்த மொழி தெரிந்தவள் என்று காட்டும் பட்டையைச் சட்டையில் குத்திக்கொண்டு தூண் மாதிரி நின்றேன்.

பைகளைத் தூக்க வந்த டிரைவர் காதோடு கேட்டார். "இன்னா மேடம், அவங்களே பேசிக்கினு கீறாங்க. நடுவுல நீங்க இன்னாத்துக்கு?"

"அதான் எனக்கும் தெரியலை," என்றேன். அழுகை வந்தது. அடக்கிக்கொண்டேன்.

மதியம் இளநீர் குடிக்கும்போது அந்த அம்மாளோடு நிஜமாகவே பேச வாய்த்தது. நான் அவர்கள் மொழியில் பேசப் பேச அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். தன் கணவருக்கு மொழிபெயர்க்கும் பையனைப் பற்றிச் சொன்னார். நல்ல பையன், ஆனால் பெரியவர்கள் முகத்துக்கு நேரே 'இல்லை' என்று சொல்ல அவனுக்கு நா எழாது. இன்னொருவர் சொன்ன 'இல்லை'யைக்கூட அவன் சொல்ல மாட்டான் என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. உடனே மேலதிகாரிக்குப் போன் போட்டுச் சொன்னேன்.

"அதெல்லாம் இருக்கட்டும். புடவை வாங்கியாச்சா?" என்றார்.

அன்று மாலை விருந்து. நான் பெண்கள் மேஜையருகே நின்றுகொண்டிருந்தேன். எங்கள் தரப்பில் எல்லோருக்கும் பெரிய அதிகாரி எழுந்து, அடுத்த வருடம் உங்கள் துறைமுகத்தில் இரண்டு படைகளும் சேர்ந்து பயிற்சி செய்யலாமா என்று ஆங்கிலத்தில் கேட்டார். அவர்கள் தலைவர் தன் மொழியில் மரியாதையாகப் பதில் சொன்னார். நல்ல யோசனை, ஆனால் முடிவு செய்ய எனக்கு அதிகாரம் இல்லை, அடுத்த வருடம் கஷ்டம் என்றார். அந்தப் பையன் அத்தனையையும் கேட்டுவிட்டு ஆங்கிலத்தில் சொன்னான்: "நல்ல யோசனை என்கிறார். ரொம்பச் சந்தோஷம்."

கூடம் முழுக்கக் கைதட்டல். அவர்களும் எதற்கென்று தெரியாமல் தட்டினார்கள். "காலையில் பத்திரிகைகளுக்குச் சொல்லிவிடலாம்," என்றார் எங்கள் பெரிய அதிகாரி.

என் மேலதிகாரி என்னைப் பார்த்தார். வேண்டாம் என்று கண்ணாலேயே கெஞ்சினார். நாலு வருடம், அம்மா, அறிக்கை எல்லாம் ஒரு கணம் வந்து போயின. எழவு, நடப்பது நடக்கட்டும் என்று முன்னால் போனேன். அவர்கள் தலைவருக்கு வணக்கம் சொல்லி அவர் மொழியிலேயே கேட்டேன். "ஐயா, நீங்கள் சம்மதித்துவிட்டதாக எங்கள் பக்கம் நினைக்கிறார்கள். நாளைக் காலை அறிவிக்கப் போகிறார்கள். சரிதானா?"

அவர் கையிலிருந்த தம்ளரைக் கீழே வைத்தார். "இல்லை, இல்லை," என்றார். அவர் சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் ஆங்கிலத்தில் எங்கள் பக்கம் சொன்னேன். கைதட்டல் நின்ற கூடத்தில் அது கொஞ்சம் சத்தமாகவே கேட்டது.

"உன்னை யார் கேட்டது?" என்றார் பெரிய அதிகாரி. நான் காப்பாற்றிக் கொடுத்த மானத்தை நானே வாங்கிவிட்டதாக அவருக்குக் கோபம். நன்றி எதிர்பார்த்தேன் என்று நினைக்காதீர்கள். எதிர்பார்க்கவில்லை. ஆனால் வலித்தது.

அறிக்கையில் என் மொழித்திறன் மிகச் சிறப்பு என்றும், தன் வரம்பு அறியாதவர் என்றும் அடுத்தடுத்து எழுதியிருந்தார்கள். நீட்டிப்பு இல்லை. கேட்டதும் அம்மா நெற்றியில் அடித்துக்கொண்டாள். "வெண்ணெய் திரண்டு வரச்சே தாழியை உடைச்சுட்டு வந்து நிக்கறியேடி!"

"அந்தத் தாழியில வெண்ணெய் எப்போம்மா இருந்தது?"

அவள் தட்டை எடுத்து வைத்துக்கொண்டே கேட்டாள். "நீ சொன்னது அந்த மனுஷன் சொன்னதுதானே? கூட்டிக் குறைச்சு எதுவும் சொல்லலையே?"

"இல்லை."

"அப்ப சரி. சாப்பிட வா."

இப்போது அடையாறில் ஒரு சின்ன அறை எடுத்து, கம்பெனிகளுக்கு மொழிபெயர்த்துக் கொடுக்கிறேன். போன வருடம் ஒரு நாள் பழைய அலுவலகத்திலிருந்து போன். பேசியவர் புதிதாக வந்த இளம் அதிகாரி. அந்த நாட்டுக் குழு மறுபடி வருகிறதாம். எனக்குப் பிறகு அந்த மொழி படித்த ஒரே ஆள் இப்போது வாகனப் பிரிவில், வேறு ஊரில் இருக்கிறாராம்.

"லேடீஸைக் கொஞ்சம் டி.நகர் கூட்டிட்டுப் போகணும் மேடம்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "தம்பி, புடவை வாங்க என் மொழி எதுக்கு? கடைக்காரர்கிட்ட கால்குலேட்டர் இருக்கு, அது போதும். மேஜையில உங்க பக்கம் ஒரு நாற்காலி போட்டு அதுல என் பேரை எழுதுங்க. வர்றேன். இல்லேன்னா ஆளை விடுங்க."

"கேட்டுச் சொல்றேன் மேடம்," என்று வைத்துவிட்டார். திரும்பக் கூப்பிட மாட்டார் என்றுதான் நினைத்தேன். கூப்பிட்டார். "நாற்காலி போட்டாச்சு மேடம்."

போட்டிருந்தார்கள்தான். பேச்சுவார்த்தை அறையில், சுவரோரமாக, இரண்டாவது வரிசையில். அதில் என் பெயர் ஒட்டியிருந்தது. இளம் அதிகாரி வேறு எங்கோ பார்த்துக்கொண்டு நின்றார். இந்தத் தடவை என்னிடமிருந்து பிடுங்க அவர்களிடம் எதுவும் இல்லை. நாற்காலியின் முதுகைப் பிடித்து மேஜை வரைக்கும் இழுத்தேன். அது தரையில் கிறீச்சிட்டதில் இரண்டு நாட்டுக்காரர்களும் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும். அவர்கள் தலைவர், அதே மனிதர், என்னைக் கண்டதும் தலையசைத்தார். அவர் பக்கத்திலிருந்த அதே மொழிபெயர்ப்பாளன், எங்கள் பக்கம் வரை பரப்பியிருந்த தன் காகிதங்களை இழுத்துக்கொண்டு எனக்கு இடம் விட்டான். உட்கார்ந்தேன்.

எங்கள் பக்கத்தில் இப்போது வேறொரு பெரிய அதிகாரி. அதே கூட்டுப் பயிற்சியைப் பற்றி அவரும் கேட்டார். தலைவர் பதில் சொன்னார். "சம்மதம் என்கிறார்," என்றான் அந்தப் பையன். யாரும் கைதட்டவில்லை. பெரிய அதிகாரி மெல்ல என் பக்கம் திரும்பினார்.

உடனே சொல்லவில்லை. கொஞ்சம் காத்திருக்கட்டும் என்று இருந்தேன்.

"ஆமாம் சார்," என்றேன். "இந்தத் தடவை நிஜமாவே சரின்னுதான் சொல்றார்."