மோட்டார் ரூமில் பீரும் மெட்டலும்

பிற்பகல் மூன்று பத்துக்கு, கோபாலபுரம் பக்கத்து எங்கள் தென்னந்தோப்பின் மோட்டார் ரூமில் ஏதோ வெடித்தது. மகளை அங்கே விட்டுவிட்டு வாய்க்காலுக்கு வந்து அரை மணி நேரம்கூட ஆகவில்லை.

அவளுக்குப் பெங்களூரில் ஒரு பீர் பாரில் வேலை. எந்த ஹெவி மெட்டல் பாட்டு ஆல்பத்துக்கு, சின்ன ஆலைகளில் காய்ச்சும் எந்தக் கிராஃப்ட் பீர் பொருந்தும் என்று பார்ப்பதும் அதில் சேர்த்தி. மெதுவாக இடிக்கும் ஆல்பத்துக்குக் காப்பி வாசமுள்ள கறுப்பு பீர். விரட்டி அடிப்பதற்குக் கசப்பான வெளிர் பீர், அதுவும் சில்லென்று. விடுமுறைக்கு வந்தும் அதே வேலைதான். வீட்டில் சத்தம் தாங்காது என்று நான்தான் அவளைத் தோப்புக்கு அனுப்பினேன்.

ஓடினேன். கதவடியில் நுரை வழிந்தது, கூடவே கண்ணாடிச் சில்லுகள். சூட்டில் பாட்டில் வெடித்திருக்கிறது. மகளைக் கூப்பிட்டுக் கத்தினேன்; உள்ளே ஸ்பீக்கரில் டிரம்ஸ் மட்டும் அடித்துக்கொண்டே இருந்தது. தோளால் கதவை முட்டினேன், அசையவில்லை. கண்ணில் பட்டிருக்குமோ, கழுத்திலோ என்று நினைத்து மறுபடியும் முட்டினேன்.

பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது. வீட்டிலிருந்து ஐஸ் டப்பாவோடு மகள் வந்துகொண்டிருந்தாள், உடம்பில் ஒரு கீறல் இல்லாமல். நான் அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டேன்.

"ஏனுங்கப்பா," என்றாள், "அது இழுக்கற கதவுங்க. தள்ளிட்டே நின்னா எப்புடித் தெறக்கும்?"