மூன்றாம் மாடியிலிருந்து இறங்கியவள்

பஸ் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர் வீடு பார்க்கப் போனபோது, மனைவியையும் அவளுடைய சக்கர நாற்காலியோடு கூட்டிப் போனார். பக்கவாதம் வந்ததிலிருந்து, யாராவது தூக்கினால்தான் அவள் அவர்கள் குடியிருந்த மூன்றாம் மாடியை விட்டு இறங்க முடியும்.

"வீடு கிழடு சார், இடிச்சுத் தள்ளுங்க. மனைக்குத்தான் விலையே," என்றார் தரகர்.

"இடிச்சுட்டு உங்க வீட்டுல வந்து படுத்துக்கவா?" என்றாள் அவள்.

டிரைவர் சுவரைத் தட்டிப் பார்த்தார். மழை ஒழுகிய கறையைப் பார்த்தார். எல்லாம் சமாளிக்கலாம். ஆனால் குளியலறை வாசலில் நாற்காலி சிக்கிக்கொண்டது. அவர் முகம் சுண்டிப் போயிற்று.

"வேணாம்மா, வேற பாக்கலாம்," என்று நாற்காலியைப் பின்னால் இழுத்துவிட்டு, தரகரிடம் பேசப் போனார்.

திரும்பி வந்தால் அவளைக் காணவில்லை. படியில்லாத பின்வாசல் திறந்து கிடந்தது. இறுகிய மண்ணில் ஒரு கையாலும் ஒரு காலாலும் நாற்காலியை உந்தி உந்தி, அவள் மனையின் கடைசி மதில்வரை போயிருந்தாள். இத்தனை நாளும் அவள் முனகினாலே கேட்கும் தூரத்தில் இருந்தவர், இப்போது குரலெடுத்துக் கூப்பிட வேண்டியிருந்தது. அவள் திரும்பவில்லை.

அவர் மறுபடி கூப்பிடவில்லை. தரகரைப் பார்த்து, "அந்தக் குளியலறை வாசல அகலப்படுத்த முடியுமான்னு ஒரு கொத்தனாரக் கூட்டிட்டு வாங்க," என்றார்.