பொன்னாடைக் கணக்கு

தொண்ணூறுகளில் வேடசந்தூரில் எங்கள் சேவைச் சங்கம் நடத்திய முதல் கண் முகாம் அது. வந்தவர்களுக்குச் சொட்டு மருந்து விட்டு, கண்பாப்பா விரியும்வரை பள்ளிக்கூட அறையில் உட்கார வைத்தோம். அந்த நேரத்தில் நாங்கள் மேடையேறி ஒருவருக்கொருவர் பொன்னாடை போர்த்திக்கொண்டோம். அது இல்லாமல் எங்கள் சங்கத்தில் எதுவும் நடக்காது. ஒருவரும் கைதட்டவில்லை. இலவசமாகத்தானே செய்கிறோம், கைதட்டினால் தேய்ந்தா போவார்கள் என்று எனக்கு எரிச்சல்.

முன்வரிசையில் இருந்த மில் தொழிலாளிப் பெண் ஒருவர் கையால் கண்ணை மறைத்துக்கொண்டு சொன்னார்: "சார், மருந்து விட்டதுல ஜன்னல் வெளிச்சத்துக்குக் கண்ணு கூசுது. அங்கன என்ன நடக்குதுன்னே தெரியலை."

தலைவர் மைக்கை வைத்துவிட்டு, தன் பொன்னாடையை உருவி ஜன்னலில் கட்டினார். நாங்களும் கட்டினோம். அப்போதுதான் கைதட்டல் கேட்டது.

அடுத்த ஆண்டு முகாமுக்கும் பொன்னாடை வாங்கினோம், ஜன்னல்களை எண்ணி.